மூலை வெட்டிய புத்தகம்

பெட்டிக்குடியில் சட்டம், வைத்தியம், வேதம் மூன்றுமாக இருந்தது ஒரே ஒரு படக்கதைப் புத்தகம். வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்பதற்கு வேறு ஊர் எதுவும் மிச்சமில்லை என்பதால் பெட்டிக்குடிக்காரர்கள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

கடல் ஏறிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் அடுக்கி வைத்திருந்த கண்டெய்னர்களைத் தூக்கிவந்து உப்பளத்தில் போட்டுவிட்டுக் கடல் பாதி தூரம் திரும்பிப் போனது. பிழைத்த முந்நூறு பேர் அந்தப் பெட்டிகளிலேயே குடியேறினார்கள். ஒரு பெட்டி நிறையப் பீங்கான் கோப்பை இருந்தது. இன்னொன்றில் சைக்கிள் டயர். மற்றொன்றில் ஜப்பான் படக்கதைப் புத்தகங்கள், எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிக் களியாகிக் கிடந்தன. ஒன்றே ஒன்று தேறியது. அதற்கும் அட்டை இல்லை.

அதே வருஷம்தான் வெளுப்புக் காய்ச்சல் வந்தது, பிறகும் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது. காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். ஆனால் சிலர் அதன் பிறகு நாளுக்கு நாள் வெளுத்துப்போனார்கள். வெயில் பட்டால் தோல் கொப்பளித்தது. ஈறு சுருங்கிப் பல் நீண்டு தெரிந்தது. அவர்களில் ஒருவன், என்ன வேகமோ, ஆட்டின் கழுத்தைக் கடித்துவிட்டான். அன்று சாயங்காலமே ஊர் அவர்களுக்குக் காட்டேரி என்று பேர் வைத்துவிட்டது.

புத்தகத்தில் இருந்த பெண்ணுக்கும் அதே பல்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது வேதக்கனி டீச்சர். கடல் வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள். படத்தைப் படிக்கத் தெரிந்தவள் ஊரில் அவள் ஒருத்திதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஜப்பான் எழுத்து யாருக்கும் தெரியாது. படம் போதுமே. டீச்சர் வாசித்துக் காட்டிய கதை இதுதான். ஒரு பெண் வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவன் கூட இருக்கிறான். இருவர் கைக்கும் நடுவே ஒரு குழாய், குழாயில் ரத்தம். அதன் பிறகு பக்கத்துக்குப் பக்கம் அவள் வெளுத்துக்கொண்டே போகிறாள், பல் நீண்டுகொண்டே போகிறது. பிறகு ஒரு பெட்டிக்குள் கிடக்கிறாள். கோட்டுக்காரன் கடப்பாரையோடு பெட்டியின் மேல் குனிகிறான். கடைசியில் பாழடைந்த ஊர், வரிசையாக மூடிய பெட்டிகள், அவன் தனியாக நடக்கிறான். அவ்வளவுதான்.

ஊருக்கு அது பளிச்சென்று புரிந்தது. வெளுத்தவனுக்கு ரத்தம் கொடுத்தால் முழுக் காட்டேரி ஆவான். காட்டேரி என்றால் கடப்பாரை.

வேட்டைக்காரனாகத் தவசியைத் தேர்ந்தெடுத்தார்கள். உப்புப் பாத்தி வெட்டியவன், கை உரமானவன், கேள்வி கேட்காதவன். உச்சி வெயிலில்தான் வேட்டை, வெளுத்தவர்களால் அப்போது ஓட முடியாது. தலையில் சாக்கைப் போட்டு, ஓடையைத் தாண்டி, முன்பு உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கிக்குக் கூட்டிப்போவான். வேறு யாரும் ஓடையைத் தாண்டக் கூடாது. திரும்பும்போது போனவரின் செருப்பை மட்டும் கொண்டுவந்து ஊர் கூடும் கொட்டகை வாசலில் வைப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கொட்டகையில் கதை. வேட்டை நடந்த வாரமானால் அதை டீச்சர் கரித்துண்டால் தார்ப்பாயில் பெரிசாக வரைந்து தொங்கவிடுவாள். கறுப்புக் கோட்டு, கடப்பாரை, நீண்ட பல். பிறகு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "புஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்பாள். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கு!" என்பார்கள். கூட்டம் கைதட்டும். பத்து வருஷத்துக்கு மேலாக இதுதான் நடைமுறை.

அந்தப் புத்தகத்தில் அங்கங்கே பக்கங்களின் மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. கரையான் அரித்தது, வெட்டிவிட்டேன் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். இரும்புப் பெட்டிக்குள், உப்புக் காற்றில் கரையான் எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் தவசி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவள் பெட்டிக்கு வந்தான். மூன்று வாரம் முன்பு ஜெசிந்தாவைக் கூட்டிப்போய், செருப்பை வைத்துவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு இப்போதுதான் ஊருக்குள் தலை காட்டுகிறான். ஜெசிந்தா பத்தொன்பது வயசுப் பெண், டீச்சரிடம் படம் போடப் பழகியவள். அவள் சாவை டீச்சர் நன்றாகவே வரைந்திருந்தாள். அந்த வாரம் கைதட்டல் அதிகம்.

தவசி ஈர்க்குச்சியாக இளைத்திருந்தான். கொலைப் பாவம் ஆளைத் தின்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. உட்காரச் சொல்வதற்குள் கதவைப் பிடித்தபடி சரிந்தான். டீச்சர் அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தழும்புகள். பத்து, இருபது, அதற்கு மேல்.

"என்ன தவசி இது?"

அவன் தண்ணீர் வாங்கிக் குடித்தான். "டீச்சர், சத்தம் போடாமக் கேளுங்க. ஜெசிந்தா சாகல."

டீச்சருக்குக் கையிலிருந்த கரித்துண்டு நழுவியது.

"ஜெசிந்தா மட்டும் இல்ல. நாலாவது ஆளுலேர்ந்து நான் யாரையும் அடிக்கல."

"நாலாவது..."

"கம்பவுண்டர் அருளப்பன் அண்ணாச்சி. கிட்டங்கிக்குள்ள போயி சாக்கை எடுத்தேன். அவரு அழல. இடுப்புல சுத்தி வச்சிருந்த ரப்பர் குழாயையும் ஊசியையும் எடுத்து நீட்டுதாரு. 'அடிக்கணும்னா அடி. முன்னாடி ஒரு டம்ளர் ரத்தம் குடுத்துப் பாரு. முழுக் காட்டேரியா ஆனேன்னா அப்புறம் அடிக்கத்தானே போற, உனக்கு என்ன நட்டம்'னாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேன். ஏன்னு கேக்காதீய. அதுக்கு முந்துன ஆளுக்கு அப்புறம் எனக்குக் கை வரல."

முந்தின ஆள் யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மூன்றாவது ஆள் சகாயம், டீச்சரின் புருஷன்.

"எலும்புக்குள்ள ரத்தம் ஊறுத இடம் இருக்காம்," தவசி சொன்னான். "காய்ச்சல்ல அது அசந்துருதாம். வெளியிலேர்ந்து ரத்தம் குடுத்துக்கிட்டே இருந்தா மூணு வருசத்துல மெள்ள முழிச்சுக்கிடுமாம். அண்ணாச்சிக்கு முழிச்சுட்டு. ஈறு வளந்து பல்லெல்லாம் பழையபடி ஆயிட்டு. இப்பம் உச்சி வெயில்ல நின்னு மீன் காயப்போடுதாரு. அவரும் குடுக்காரு, நானும் குடுக்கேன், எம் பொண்டாட்டியும் குடுக்கா. கண்ணாடித் துண்டுல ரெண்டு பேரு ரத்தத்தையும் ஒரு சொட்டு கலந்து பாப்பாரு. திரிஞ்சா ஆகாது, திரியலன்னா குடுக்கலாம்."

"எத்தன பேரு இருக்காங்க அங்க?"

"ஆறு பேரைக் கூட்டிட்டுப் போனேன். அண்ணாச்சி தேறிட்டாரு. ஒருத்தரு போன மாசம் செத்துட்டாரு, எங்க மூணு பேரு ரத்தம் பத்தல. மிச்சம் நாலு. ஜெசிந்தாவுக்கு எங்க யாரு ரத்தமும் சேரவே மாட்டேங்கு. இன்னும் ஒரு வாரம் தாங்குவாளான்னு அண்ணாச்சிக்கே தெரியல. ஊரு குடுக்கணும் டீச்சர்."

பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "ஒரே ஒரு ஆளு முந்தி எனக்குப் புத்தி வந்திருந்தா சகாயம் அண்ணன் இன்னைக்கு இருந்திருப்பாரு. உங்க மூஞ்சியில முழிக்கவே எனக்கு யோக்கியதை இல்ல. என்னைய மன்னிச்சிருங்க டீச்சர்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது டீச்சருக்கு.

சகாயம் கேட்டது ஒரே ஒரு தடவை. பெட்டியின் இருட்டு மூலையில் சாய்ந்துகொண்டு, பல் தெரியக்கூடாதே என்று வாயைத் துண்டால் பொத்தியபடி கேட்டார். "கொஞ்சம் ரத்தம் குடுத்துப் பாரேன், வேதம். எனக்கு என்னவோ அதுதான் தேவைன்னு உடம்பு சொல்லுது." அவள் புத்தகத்தை எடுத்துவந்து குழாய்ப் படத்தைக் காட்டினாள், அடுத்தடுத்த பக்கங்களையும் காட்டினாள். அவர் கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார். "படத்துல அப்படித்தான் இருக்கு," என்றார். மறுநாள் மத்தியானம், கூப்பிட வந்த தவசிக்குச் சிரமம் வைக்காமல் தானே சாக்கை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஊரு எப்படிக் குடுக்கும்?" என்று டீச்சர் கேட்டாள்.

"அதுக்குத்தான் வந்தேன். நீங்க ஒரு கதை வரையணும். ரத்தம் குடுத்தாப் பல்லு சின்னதாவுத மாதிரி. இன்னொரு புஸ்தகம் கிடைச்சுது, அதுல இருக்குன்னு சொல்லிருங்க. கேட்டா, கடல் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டுன்னு சொல்லலாம். பொய்யிதான். உங்ககிட்ட நான் கேக்குத ஒரே பொய்யி."

டீச்சர் யோசித்தாள். நன்றாகத்தான் இருந்தது அந்த யோசனை. ஊர் நம்பும். ஜெசிந்தா பிழைப்பாள். டீச்சர் டீச்சராகவே இருப்பாள். கீழே விழுந்த கரித்துண்டை அவள் கை எடுத்துக்கொண்டுவிட்டது, மனசுக்குள் முதல் கட்டத்தை வரையக்கூட ஆரம்பித்துவிட்டாள். தவசி மன்னிப்புக் கேட்காமல் இருந்திருந்தால் வரைந்தேதான் இருப்பாள். ஆனால் அவன் கேட்டுவிட்டான். எதிரே உட்கார்ந்து, ரத்தம் சுண்டிய முகத்தோடு, அவளிடம் போய்க் கேட்டுவிட்டான்.

அவள் எழுந்து, துணிமூட்டைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். துருப்பிடித்த மூடி திறக்க மறுத்தது. தவசிதான் திறந்து கொடுத்தான். உள்ளே விரல்நகம் அகலத்துக்குக் காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

"என்னது இது?"

"கரையான் அரிச்ச மூலை," என்றாள் டீச்சர்.

அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க வேண்டியிருந்தது, அதுதான் கொடுமை. "எல்லாப் பக்கத்துலயும் நம்பர் கிடையாது தவசி. பதினைஞ்சு இருபது பக்கத்துக்கு ஒண்ணு, கடுகு மாதிரி. உப்புப் படிஞ்சு மறைஞ்சிருந்துது. அவுக போன பிற்பாடு, நான் செஞ்சது சரிதானான்னு பாக்க ஈரத்துணி வச்சு ஒவ்வொரு பக்கமாத் துடைச்சேன். நாம முதப் பக்கம்னு வாசிக்கிறோமே, வெயில்ல அந்தப் பிள்ளை சிரிக்கிறது, அதுல நூத்தி எம்பத்தெட்டுன்னு போட்டிருந்துது. பாழடைஞ்ச ஊருல போட்டிருந்தது மூணு. ஜப்பான்காரன் வலதுபக்கத்துலேர்ந்து வாசிப்பான் போல. நான் கதையைக் கடைசியிலேர்ந்து வாசிச்சுட்டேன்."

தவசி புத்தகத்தை வாங்கினான். கழுவாத கை என்று வழக்கமாகத் தயங்குகிறவன் அன்று தயங்கவில்லை. வலது ஓரத்திலிருந்து திருப்பினான். பாழடைந்த ஊரில் கோட்டுக்காரன் நடந்து வந்தான், யாரையோ தேடுகிறவன் மாதிரி. மூடிய பெட்டி ஒன்றின் முன் நின்றான். கடப்பாரையோடு குனிந்தான். அந்தப் படத்தில் தவசி வெகுநேரம் நின்றுவிட்டான்.

"தொறக்கான்," என்றான்.

"ஆமா."

"அடிக்கல. மூடியை நெம்பித் தொறக்கான்."

"ஆமா தவசி."

அவன் மிச்சத்தையும் பார்த்தான். குழாய், ரத்தம், பக்கத்துக்குப் பக்கம் சின்னதாகும் பல், வெயில், சிரிப்பு. மூடி வைத்தான். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அவுகளுக்கு அடுத்த வாரம்."

"நீங்க அன்னைக்குச் சொல்லியிருந்தா, நான் ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்திருக்க வேண்டாமே."

"சொன்னா, அவுகளைக் கொன்னது நான்னு ஆயிரும். அது எனக்கு ஏலல. கத்தரியை எடுத்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆளாப் போகப் போக, இன்னும் ஏலல."

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அவன் கடப்பாரையை ஊன்றி எழுந்து வாசல் வரை போனான். "நாளைக்கு மூணு மணிக்கு நாலு பேரையும் கூட்டிட்டு வாரேன். நீங்க எதை வேணா வரைங்க," என்று முதுகைக் காட்டியபடியே சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினான்.

டீச்சர் எதையும் வரையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சிப் பசை காய்ச்சி, மூலைகளை ஒவ்வொன்றாகப் பக்கங்களில் ஒட்டினாள். எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருஷத்தில் ஒன்றுகூட மறந்திருக்கவில்லை.

மூன்று மணிக்குத் தார்ப்பாய் வெறுமையாகத் தொங்குவதைப் பார்த்துக் கூட்டம் முணுமுணுத்தது. கொட்டகையின் நிழல் பக்கத்தில் சாக்கு மூடிய நாலு உருவங்கள், பக்கத்தில் தவசி, அவனுக்குப் பின்னால் தொப்பி வைத்த ஒரு ஆள். தொப்பியைக் கழற்றியபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி கத்தினாள். அருளப்பன் கம்பவுண்டரின் செருப்பு ஏழு வருஷம் முன்பு இதே வாசலில் கிடந்தது. இப்போது அவர் வெயிலில் வந்து நின்று, முழு வாயும் திறந்து சிரித்துக் காட்டினார். சாதாரணப் பல். வெற்றிலைக் கறைகூட இருந்தது.

அந்த இடத்தில் டீச்சர் நிறுத்தியிருக்கலாம். ஊர் பாதி நம்பிவிட்டது. ஆனாலும் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "ரெண்டு பேரு வாங்க. வலதுபக்கத்துலேர்ந்து திருப்புங்க. மூலையில இருக்கிற நம்பரைச் சத்தமாப் படிங்க," என்றாள்.

வந்தவர்கள் படித்தார்கள். "மூணு. பத்தொம்பது. முப்பத்தாறு." எண்கள் ஏறிக்கொண்டே போகப் போகக் கொட்டகை அடங்கிக்கொண்டே வந்தது. நூற்று எண்பத்தெட்டில் அவர்கள் நிறுத்தியபோது ஒரு குழந்தை மட்டும் பழக்க தோஷத்தில் கைதட்டியது. யாரோ அதன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கத்தரியையும் சொன்னாள். கரையான் இல்லை என்பதையும் சொன்னாள்.

பேச்சியம்மா எழுந்தாள். இரண்டாவதாகக் கடப்பாரைக்குப் போனவன் அவள் ஒரே மகன் செல்வின். டீச்சரின் பக்கத்துப் பெட்டிக்காரி, தினம் ஒரு குடம் தண்ணீர் சேர்த்துப் பிடித்துக் கொடுப்பவள். "எம் மவனுக்கு முன்னாடி உனக்குத் தெரியுமா, பின்னாடி தெரியுமா?" இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் டீச்சர் என்று கூப்பிடவில்லை.

"பின்னாடிதான் பேச்சி."

"அப்போ, அவன் செருப்பை நெஞ்சுல வச்சுக்கிட்டு, நாந்தான் ஒரு காட்டேரியைப் பெத்துட்டேன்னு பதிமூணு வருசம் என்னையவே கரிச்சுக் கொட்டினேனே. அதைப் பக்கத்துப் பெட்டியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமா."

பேச்சியம்மா இன்னும் என்னென்னவோ சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் தவசியைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. பிறகு கம்பவுண்டர் முன்னால் போய், கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். "எங்க குத்தணுமோ குத்துங்க. யாரு பிள்ளைக்காவது ஆவட்டும்."

அவளுக்குப் பின்னால் ஒருவர், இருவர் என்று வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள், காறித் துப்பிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொருவர் சொட்டையும் நாலு பேர் சொட்டோடு கண்ணாடியில் கலந்து பார்க்க வேண்டும். ஒருத்தருக்குச் சேர்ந்தால் மற்றவருக்குத் திரிந்தது. ஜெசிந்தாவுக்கு மட்டும் எல்லாமே திரிந்தது. சாக்குக்குள் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. டீச்சர் வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கும் முன்னால் நின்றவருக்கும் நடுவில் இரண்டு ஆள் இடம் விட்டிருந்தார்கள்.

அவள் முறை வந்தபோது கம்பவுண்டர் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பிடித்துக் குத்தினார். நாலு கண்ணாடித் துண்டுகளிலும் சொட்டைக் கலந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். திரியவில்லை. ஒன்றிலும் திரியவில்லை.

"ஜெசிந்தாவுக்குச் சேருது!" என்று கத்தினார். எல்லாவற்றையும் மறந்து அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஜெசிந்தாவுக்கு மட்டுமில்ல, நாலு பேருக்கும் சேருது. நூத்துல ஒருத்தருக்குத்தான்ம்மா இப்படி ரத்தம் இருக்கும். யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். உங்க வீட்டுக்காரருக்கும்..."

பாதியில் விட்டுவிட்டு அவர் குழாயை எடுத்தார்.

தவசி சாக்கை விலக்கி ஜெசிந்தாவின் கையை வெளியே எடுத்து வைத்தான். டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா கண்ணைத் திறந்து, யாரென்று பார்த்து, நீண்ட பல் தெரியாமல் இருக்கச் சட்டென்று உதட்டை மூடிக்கொண்டாள்.

டீச்சருக்கு அழுகை வரவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில் அழுவதற்கும் கூச்சமாக இருந்தது. கம்பவுண்டர் குழாயின் ஒரு முனையை அந்தப் பெண்ணின் கையில் பொருத்தினார். மறுமுனைக்காக டீச்சர் தன் கையை நீட்டினாள்.